கறுப்பு ஷாஃப்டுக்கு மூன்று கோட்டிங்

மேட் பினிஷா, மினுக்கமே இல்லாமல்? உட்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், அதில் பிரைமர் காயவில்லை, பேன்ட்டில் ஒட்டிக்கொள்ளும். இந்த டயர் மேலே உட்காருங்க.

உங்க வண்டி, உங்க டேங்க், உங்க இஷ்டம். நான் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. சங்கனூர் ரோட்டில் இப்போது பாதி வண்டி மேட்தான். போன மாசம் ஒருத்தர் கார் முழுக்க மேட் பச்சை அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். எருமை சேற்றில் புரண்டு எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பிரமாதம் சார் என்றுதான் சொல்லி அனுப்பினேன். எனக்கு மேட் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் அபிப்பிராயம். என் சம்சாரம் பூங்கோதைக்கு வேறு அபிப்பிராயம். லத்தீப் பாய்க்கு வேறு அபிப்பிராயம். என் பொண்ணு சிந்துஜாவுக்கு என்ன அபிப்பிராயம் என்று தெரியாது, அவள் சொல்ல மாட்டாள். இன்றைக்கு அவளுக்குச் சென்னையில் போட்டி. ஜெயித்தால் தமிழ்நாடு டீம். அதனால்தான் போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க.

என்ன போட்டியா? பூல். பச்சைத் துணி போட்ட மேசை, ஆறு பொந்து, கலர் கலராகப் பந்து. நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து அதால் மற்ற பந்தைப் பொந்தில் தள்ள வேண்டும். சிரிக்காதீங்க, நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் அவளை அதற்குள் கொண்டுபோய் விட்டதே நான். இதை யாரும் சொல்வதில்லை. காந்திபுரத்தில் லத்தீப் பாய் பூல் பார்லர் திறந்தபோது மேசைக்கு மேலே தொங்குகிற விளக்குக் கூண்டுகளுக்குப் பெயின்ட் அடித்தவன் நான்தான். பள்ளிக்கூட லீவு, வீட்டில் விட்டால் அம்மாவோடு சண்டை, அதனால் கூடக் கூட்டிப்போனேன். நான் கூண்டுக்கு இரண்டாவது கோட்டிங் போடுவதற்குள் இவள் லத்தீப் பாயோடு பந்தயம் கட்டி ஒரு பாட்டில் கலர் சோடா ஜெயித்துவிட்டாள். பெயின்ட் வேலை முடிந்தது. இவள் போவது நிற்கவில்லை.

அப்புறம் காலேஜ், வேலை, எல்லாம் ஆச்சு. ஆட்டமும் கூடவே வளர்ந்தது. ஒரு நாள் பார்சல் ஒன்று வந்தது. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. கார்பன் பைபர் ஷாஃப்ட்.

க்யூ என்கிற கோல் இரண்டு துண்டுங்க. பிடிக்கிற பாதி தடிமனாக இருக்கும், பட் என்பார்கள். விரலுக்கு நடுவே ஓடுகிற பாதிதான் ஷாஃப்ட். அதுவரைக்கும் அவளிடம் மர ஷாஃப்ட்தான் இருந்தது. மழைக் காலத்தில் லேசாக வளையும் என்று குறை சொல்வாள். இது வளையாது, அடி பட்டால் பள்ளம் விழாது என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, என்னதான் என்று நான்தான் பார்சலைப் பிரித்தேன்.

தம்பி, கறுப்பில் எத்தனையோ கறுப்பு இருக்கிறது. பழைய அம்பாசடர் கறுப்பு ஒன்று. வக்கீல் கோட்டுக் கறுப்பு ஒன்று. எருமை ஈன்ற கன்று, தாய் நக்கி முடித்ததும் ஒரு கறுப்பு இருக்கும், அது ஒரு தனி அழகு. இது எதிலும் சேரவில்லை. அடுப்புக் கரியை ஈரத்துணியால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் உள்ளே போகிறது, திரும்பி வரவில்லை. உற்றுப் பார்த்தால் அடியில் பாய் முடைந்த மாதிரி ஒரு பின்னல். அவ்வளவு நல்ல பின்னல். அது வெளியே தெரியாமல் மூஞ்சியை மூடிக்கொண்டு கிடக்கிறது.

"பினிஷிங் பண்ணாம அனுப்பிட்டான் அம்முணி. திருப்பி அனுப்பிச்சுரு."

"இதுதாம்பா பினிஷிங்."

"எது?"

"நீங்க பிடிச்சிருக்கீங்களே, அதேதான்."

பூங்கோதை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிந்துஜா என் கையை எடுத்து ஷாஃப்ட் மேல் வைத்தாள்.

"இழுத்துப் பாருங்கப்பா. வழுக்குதுங்களா?"

"வழுக்குது."

"இப்ப கையை நனைச்சுட்டு வந்து இழுங்க."

"இப்பவும் வழுக்குது."

"அதுக்குத்தாம்பா இது. வேர்த்தாலும் பிடிக்காது. வெளிச்சமும் அடிக்காது. வெள்ளை ஷாஃப்ட் இருக்கு, நீலத்துல ஜிகினா போட்டது இருக்கு, நான்தான் இதை எடுத்தேன். கண்ணு கோலுல நிக்கக் கூடாது, பந்துக்குப் போகணும்."

"கோலைப் பார்க்கவே கூடாதுன்னா எதுக்கு அம்முணி இவ்வளவு நல்ல கோலு?"

பூங்கோதை சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்டது நியாயமான கேள்வி.

அப்புறம் சேலத்தில் மாநிலத் தேர்வு வந்தது. இன்றைக்கு நடக்கிறதே இதே போட்டிதான், போன வருஷத்தது. சிந்துஜா கம்பெனி ட்ரெய்னிங்குக்கு ஓசூர் போயிருந்தாள். அங்கிருந்து நேரே சேலம் வந்துவிடுவேன், க்யூ பெட்டியை நீங்க கொண்டு வந்துருங்கப்பா என்றாள். பெட்டி என் பொறுப்பில் வந்தது. அவ்வளவு நம்பிக்கை.

இப்போது நீங்களே சொல்லுங்க. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போகிற வண்டி, கோயில் ஊர்வலத்துக்குப் போகிற வண்டி, புது மாப்பிள்ளை ஏறப்போகிற வண்டி, எதுவானாலும் நல்ல காரியத்துக்குப் போகும் முன் ஒரு கை பாலிஷ் போடாமல் கடையை விட்டு அனுப்ப மாட்டோம். கேட்டுச் செய்கிற வேலை இல்லை அது. சொல்லாமல் செய்ய வேண்டியது. என் பொண்ணு தமிழ்நாடு டீமுக்கு ஆடப் போகிறாள். அவள் கோல் கரிக்கட்டையாகப் போவதா?

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. ஷாஃப்டை எடுத்து வந்தேன். பூங்கோதை வாசலில் மறித்தாள்.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?"

"எதுக்கும் ஒரு போன் போட்டுருங்க."

"ட்ரெய்னிங்ல இருக்கிற புள்ளையைத் தொந்தரவு பண்ணச் சொல்றியா?"

முதலில் எண்ணூறாம் நம்பர் பேப்பரால், உப்புத்தாள்தான், மேலாக ஒரு தேய்ப்பு, பிடிமானத்துக்கு. தின்னர் துணியால் துடைப்பு. நுனியில் பந்தைத் தொடுகிற தோல் டிப்புக்கு டேப் சுற்றினேன், ஒரு துளி படவில்லை. கம்பியில் கட்டி அதோ அந்தக் கொக்கியில் தொங்கவிட்டு மூன்று கோட்டிங் கிளியர், நிறமில்லாத மினுக்கு வார்னிஷ். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவில் விளக்குச் சூடு. காய்ந்ததும் இரண்டாயிரம் நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டுப் பசை போட்டு, கடைசியில் பாலிஷ். முப்பது வருஷமாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறேன் தம்பி. அப்படி ஒரு வேலை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அந்தப் பின்னல் இருக்கிறதே, அப்படியே கண்ணாடிக்கு அடியில் எழுந்து வந்து நின்றது. சட்டை உரித்த நல்ல பாம்பு மாதிரி. கோலைத் திருப்பினால் டியூப் லைட் முழுசாக அதில் ஓடுகிறது. நான் என் மூஞ்சியை அதில் பார்த்தேன். ரொம்ப ஒல்லியாகத் தெரிந்தேன்.

பழைய மர ஷாஃப்டா? அதைத்தான் நான் பெயின்ட் கலக்க எடுத்துக்கொண்டேனே. புதுசு வந்துவிட்டதே. பெரிய டின்னின் அடி வரைக்கும் எட்டுகிற கோல் லேசில் கிடைக்குமா?

சேலத்தில் ஒரு ஓட்டல், கீழ்த்தளத்தில் ஹால். அன்றைக்கு ஏசி பாதிதான் வேலை செய்தது. நான் வெள்ளைச் சட்டை, பூங்கோதை பட்டு. லத்தீப் பாயும் வந்திருந்தார். சிந்துஜா பெட்டியைத் திறந்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனது.

மெதுவாக எடுத்தாள். விரலில் வைத்து ஒரு முறை இழுத்தாள். நின்றாள். மறுபடி இழுத்தாள்.

"இது நீங்களாப்பா பண்ணினீங்க?"

"வேற யாரு பண்ணுவாங்க அம்முணி, இந்த மாதிரி?"

"ஆமாங்கப்பா," என்றாள். "வேற யாரும் பண்ண மாட்டாங்க."

அதுதான் தம்பி எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்.

லத்தீப் பாய்தான் இடையில் புகுந்தார். அவர் எப்பவும் அப்படித்தான், நல்ல மனுஷன், ஆனால் எதிலும் ஒரு கை வைக்காமல் இருக்க மாட்டார். ஷாஃப்டை வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சென்னியண்ணா, ரெண்டாயிரம் நம்பர் பேப்பர் ஒரு துண்டு வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு பாய்?"

"மேலாப்புல ரெண்டு இழு இழுத்துட்டாப் போதும். மினுக்கம் செத்துரும், கை வழுக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

மினுக்கம் செத்துரும். எவ்வளவு லேசாகச் சொன்னார் பாருங்க.

"இல்லீங்க பாய்," என்றேன். "கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

என் சட்டைப் பையில் இருந்தது. எப்பவும் இருக்கும், இதோ இப்போதும் இருக்கிறது, இது எங்களுக்குப் பேனா மாதிரி. இருந்தால்? அதைத் தேய்ப்பதற்கா கொண்டு போனேன்? வழியில் ஏதாவது கீறல் விழுந்தால் சரி செய்யக் கொண்டு போனது. நல்ல வேலையை நாமே சுரண்டுவதற்கு யாராவது கொண்டு போவார்களா?

லத்தீப் பாய் தன் க்யூவையே சிந்துஜாவிடம் நீட்டினார். "இதுல ஆடு பேட்டா. உனக்குக் கைக்குப் பழக்கம்தான்."

சிந்துஜா என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணாடி எடுத்து வந்திருக்கிறேனா என்று பார்க்கிறாள், அவ்வளவு கூட்டத்திலும் எனக்குக் கிட்டப் பார்வை சரியில்லை என்பது அவளுக்கு ஞாபகம். அப்புறம் லத்தீப் பாயிடம், "வேண்டாங்க அங்கிள். இதுலயே ஆடுறேன்," என்றாள்.

இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கோலில் கோளாறு என்றால் அவள் ஏன் அதை எடுக்கிறாள்? வேறு கோல் கைக்கு வந்தும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அதை எடுத்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பூங்கோதையிடம் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள்.

எதிரே ஆடினது தூத்துக்குடிப் பொண்ணு, ரோஸ்லின் என்று பேர். கையில் மூன்று விரலுக்கு ஒரு உறை மாட்டியிருந்தாள். சிந்துஜா உறை போட மாட்டாள், தோலில் பட்டால்தான் கணக்குத் தெரியும் என்பாள். ஆட்டம் சமமாகத்தான் போனது. சிந்துஜா ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஷாஃப்டை ஒரு துணியால் துடைத்தாள். அடித்த பின்னும் துடைத்தாள். புது கார் வாங்கினவன் சிக்னலுக்குச் சிக்னல் இறங்கித் துடைப்பானே, அந்த மாதிரி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், நான் பண்ணின பாலிஷ்ங்க என்றேன். அவர், அப்படியா, தூரத்திலேயே கண்ணைக் கூசுதுங்களே என்றார். பாருங்க, மூன்றாம் மனுஷன்.

கடைசி ஆட்டம். எட்டாம் நம்பர் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. நேர் கோடு, கை நீட்டினால் விழுகிற தூரம். அதைப் போட்டால் டீம். சிந்துஜா குனிந்தாள். கையைப் பேன்ட்டில் துடைத்தாள். கோலை இழுத்தாள். கீச்சென்று ஒரு சத்தம். பின் வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் பார்த்து. வெள்ளைப் பந்து அரை மனசோடு போய்க் கறுப்பைத் தொட்டது. கறுப்பு பொந்தின் உதட்டில் போய் நின்றது. ரோஸ்லின் எழுந்து வந்து அதை உள்ளே தட்டிவிட்டு டீமுக்குப் போய்விட்டாள்.

நாற்காலி போட்டவர்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா? அடியில் ரப்பர் வைத்தால் என்ன? நான் அங்கேயே புகார் சொல்லப் போனேன். சிந்துஜாதான் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா. நாற்காலிதான். வாங்க, போலாம்."

அவளே ஒத்துக்கொண்டாள், நாற்காலிதான் என்று.

பஸ்ஸில் திரும்பும்போது பூங்கோதை என் பக்கத்தில் உட்காரவில்லை. சிந்துஜாதான் உட்கார்ந்தாள். பவானி தாண்டியதும், "பாலிஷ் நல்லா இருந்துச்சுங்கப்பா," என்றாள். "நிஜமாவே. அந்தப் பின்னல் இவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்று பலமாக அடித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் லத்தீப் பாய் கடைக்கே வந்துவிட்டார். இதோ நீங்க உட்கார்ந்திருக்கிற டயரில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணா, அவ கேக்க மாட்டா. நான் கேக்கறேன். அந்தக் கிளியரை எடுத்துக் குடுத்துருங்க."

"நீங்க ஆசையாக் கட்டின பார்லரை நாளைக்கே இடிங்கன்னு நான் சொன்னா இடிப்பீங்களா பாய்?"

"பார்லர் யாரு கையிலயும் ஒட்டலையே அண்ணா."

பேச்சு தடித்துவிட்டது. டீ வந்தது, குடிக்காமல் போனார். பாவம், அவருக்குத் தொழில் தெரியாது. பந்து தெரியும், பினிஷிங் தெரியாது.

கொஞ்ச நாளில் சிந்துஜா சென்னை ஆபீசுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே வாய்ப்பு ஜாஸ்தி. க்யூ பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வருஷமாகப் போனில் பேசுகிறோம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். ஷாஃப்ட் எப்படி அம்முணி இருக்கு என்று வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை. கேட்டால் அவள் நல்லாருக்குங்கப்பா என்றுதான் சொல்லுவாள். அதற்கு எதற்குக் கேட்க வேண்டும்?

தீபாவளிக்கு வந்திருந்தாள். பெட்டியைக் கொண்டு வரவில்லை. ரயிலில் கூட்டமாம்.

இந்தப் போட்டிக்கு நானும் புறப்பட்டேன். டிக்கெட் கூடப் போட்டாச்சு. "நீங்க வெயில்ல அலைய வேண்டாங்கப்பா, அம்மா மட்டும் வரட்டும்," என்றாள். சென்னை வெயில் தெரியுமல்லவா. என் உடம்பு மேல் அவ்வளவு அக்கறை. பூங்கோதையும், ஆமாமா நீங்க கடையைப் பாருங்க என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என் டிக்கெட்டில் யார் போனார்கள் தெரியுமா? லத்தீப் பாய்.

கொஞ்சம் இருங்க. வருது.

பூங்கோதைதான். போட்டோ. அவளுக்கு இப்போதுதான் அனுப்பத் தெரியும், பாதி நேரம் தன் கட்டை விரலையே அனுப்புவாள். இது... இது நன்றாகத்தான் வந்திருக்கிறது. எங்க மூணு பேர் குரூப்பில் கீழேயே சிந்துஜா வேறு போட்டிருக்கிறாள், பாருங்க. ஜெயிச்சுட்டேன்பா. உங்க ஷாஃப்ட்லதான்.

படித்தீங்களா? நீங்களும் படிங்க, சத்தமாகப் படிங்க. உங்க ஷாஃப்ட்லதான். ஒரு வருஷம் தம்பி, ஒரு வருஷமாக இந்த ரோட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது வரட்டும் லத்தீப் பாய்.

இதோ குனிந்து அடிக்கிறாள். பெரிசாக்கிக் காட்டுகிறேன், இருங்க. பந்து ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதா? மேசை ஓரத்து மரம் மினுங்குகிறது. பின்னால் பூங்கோதை மூக்குத்திகூட மினுங்குகிறது.

ஷாஃப்ட்...

விளக்கு அந்தப் பக்கம் விழவில்லைங்க. போட்டோவில் அப்படித்தான் தெரியும். நேரில் பார்த்தால்...

இல்லை, இருங்க. கீழே பாருங்க, பிடிக்கிற பாதியோடு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். விரல் அங்கே போகாது. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் மினுங்குகிறது. பாம்புச் செதில் மாதிரி, பின்னல் தெரிகிறது பாருங்க. அதற்கு மேலே முழுக்கக் கறுப்பு. கரிக் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. டேப் ஒட்டித் தேய்த்தால்தான் அப்படி ஒரு கோடு வரும். சும்மா தேய்த்தால் மேகம் மாதிரி கலைந்து போயிருக்கும். டேப்பை ஒரே சுற்றில் ஒட்ட வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு.

கடையில் கொடுத்துச் செய்திருப்பாள். சென்னையில் நல்ல பெயின்டர்கள் இருக்கிறார்கள்.

கேட்கட்டுமா? கேட்டுவிடுகிறேன். டேப்... யாரு... ஒட்டினது. அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன்.

பார்த்துவிட்டாள். எழுதுகிறாள். நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறாள். போட்டி முடிந்த இடத்தில் ஆயிரம் பேர் கை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், இப்போது போய் டேப் யாரென்று கேட்கிறேன் பாருங்க.

வந்துவிட்டது.

நான்தாம்பா.

நான்தாம்பா என்கிறாள். ம். கண்ணாடியைக் கொடுங்க, அந்த டின் மேலே இருக்கிறது. பெரிசாக்கிப் பார்க்கிறேன். பரவாயில்லைங்க. முதல் தடவைக்கு ரொம்பச் சுத்தம். வலது ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறாள். அப்படி இழுக்கக் கூடாது, அது போகிற போக்கில் விட வேண்டும். இதைப் போனில் சொன்னால் புரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வந்தாளென்றால் காட்டிக் கொடுக்கலாம்.